மேனேஜரை ‘அக்கா’ ஆக்கிவிடாதீர்கள்: அனிமே டப்பிங் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பவர்களுக்கும், வசனமும் சப்டைட்டிலும் எழுதுபவர்களுக்கும் வணக்கம்.

சில வருடங்களாக ஜப்பானிய அனிமேக்கள் தமிழ்க் குரலில் வருவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. இதுவரை வந்தவற்றில் சண்டைத் தொடர்கள்தான் அதிகம். சரி, அதற்குத்தான் கூட்டம் வரும், புரிகிறது. ஆனால் என்றைக்காவது ஒருநாள் பழைய தொடர்கள் பக்கமும் திரும்புவீர்கள் இல்லையா, அன்றைக்கு ‘மேஸோன் இக்கோகு’ உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ருமிகோ தகாஹாஷி 1980 முதல் 1987 வரை எழுதி வரைந்த மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை. ஸ்டுடியோ டீன் அதை அனிமேயாக எடுத்து, 1986 மார்ச்சிலிருந்து 1988 மார்ச் வரை ஃபூஜி டிவியில் 96 எபிசோடுகள் ஓடியது. டோக்கியோவில் ஒரு பழைய மர வீடு, அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அதை நிர்வகிக்க வருகிற கியோகோ இருபத்து சொச்சம் வயதுப் பெண், கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாமல் கணவனை இழந்தவள். ஐந்தாம் நம்பர் அறையில் இருக்கும் கொதாய், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று மறுபடி படித்துக்கொண்டிருக்கும் பையன். அவள் வந்து நின்ற நாளில் அவன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போவதாக இருந்தான், போகவில்லை. அவ்வளவுதான் கதை, மீதி எல்லாம் வருடக்கணக்கான காத்திருப்பு.

இந்த இருவரும் காதலை வாயால் சொல்லிக்கொள்வது மிகவும் குறைவு. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதில்தான் முழுக் காதலும் இருக்கிறது. கொதாய் அவளை ‘கான்ரினின்-சான்’ என்றுதான் கூப்பிடுவான். கான்ரினின் என்றால் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர், அதாவது மேனேஜர். ‘சான்’ என்பது பெயருக்குப் பின்னால் சேர்க்கும் மரியாதைச் சொல். மனதுக்குள் மட்டும் அவள் ‘கியோகோ-சான்’. ஒருநாள் ராத்திரி நன்றாகக் குடித்துவிட்டு, தெருவே கேட்கும்படி, கொதாய் யூசாகு ஆகிய நான் கியோகோ-சானைக் காதலிக்கிறேன் என்று கத்துவான். போதை இறங்கினால் மறுபடியும் கான்ரினின்-சான். இங்கே ஆங்கில வசனத்தை முன்னால் வைத்துக்கொண்டு தமிழ்ப்படுத்தி, முதல் காட்சியிலேயே அவன் வாயில் ‘கியோகோ’ என்று வெறும் பெயரைப் போட்டுவிட்டால், அந்தத் தெருக் காட்சி ஒரு குடிகாரன் கத்துவதாக மட்டும்தான் மிஞ்சும்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. நம் ஊரில் தன்னைவிட இரண்டு வயது மூத்த பெண்ணைப் பார்த்தால் வாயில் தானாக வருவது ‘அக்கா’. டப்பிங் வசனத்தில் இது சுலபமாக நுழைந்துவிடும், பேசவும் இயல்பாக இருக்கும், உதட்டசைவுக்கும் பொருந்தும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அக்கா என்று ஒருமுறை கூப்பிட்டபின் தமிழ்க் காதுக்கு அந்தக் கதை அங்கேயே முடிந்துவிடும். ‘மேடம்’ வேண்டாம், ஆபீஸ் வாசனை அடிக்கிறது. ‘மேனேஜரம்மா’ என்றால் பத்து வயது கூடிவிடும். நான் யோசித்துப் பார்த்ததில், ‘மேனேஜர்’ என்றே விட்டுவிட்டு, கூடவே ‘வாங்க, சொல்லுங்க, சாப்பிட்டீங்களா’ என்று அந்த ‘ங்க’வை விடாமல் பிடித்துக்கொண்டாலே போதும் என்று தோன்றுகிறது. ஜப்பானிய ‘சான்’ செய்யும் வேலையில் பாதியை நம்முடைய ‘ங்க’ செய்துவிடும். அப்புறம், அவனை அவசரப்பட்டு ‘நீ’க்கு மாற்றாதீர்கள். அந்த மரியாதைதான் 96 எபிசோடுக்கும் அவர்கள் நடுவில் நிற்கிற சுவர்.

அடுத்தது நாய். சிரிக்காமல் படியுங்கள், இந்தத் தொடரின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கியோகோவின் கணவர் பெயர் சோஇச்சிரோ. அவர் பின்னாலேயே வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்ட வெள்ளை நாய்க்கு ஷிரோ என்று பெயர் வைத்தார்கள். ஷிரோ என்றால் அது திரும்பிக்கூடப் பார்க்காது, ‘சோஇச்சிரோ-சான்’ என்றால்தான் வரும். அவர் போன பிறகு அந்தப் பெயர் நாயிடமே தங்கிவிட்டது. ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று, இறந்துபோன கணவனின் பெயரை, அதே மரியாதையோடு, ஒரு நாயைப் பார்த்துக் கூப்பிடுகிறாள். அந்தக் கணவரின் முகத்தைத் தொடரில் ஒருமுறைகூடத் தெளிவாகக் காட்டமாட்டார்கள், புகைப்படத்தில் வந்தாலும் நிழல் விழுந்திருக்கும். முகம் இல்லாத அந்த மனிதருக்கு இருப்பது பெயர் மட்டும்தான்.

இதைப் பார்த்தபோது எனக்கு என் ஆச்சி ஞாபகம் வந்தது. ஆச்சி தாத்தா பெயரை வாயால் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் ‘வீட்டுக்காரர் பேரு என்னம்மா’ என்று கேட்டால், சுவரில் தொங்குகிற காலண்டரில் இருக்கும் முருகனைக் கையைக் காட்டுவாள், நான்தான் பெயரைச் சொல்ல வேண்டும். தாத்தா இறந்து பல வருடம் கழித்தும் அப்படித்தான். ஒருத்தி சொல்லவே மாட்டாள், இன்னொருத்தி தினமும் சொல்கிறாள், இரண்டிலும் இருக்கிற கனம் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. பெயருக்கு இருக்கும் கனத்தைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, நமக்கு ரத்தத்திலேயே தெரியும். அதனால் நாயின் பெயரைச் சுருக்கிவிடாதீர்கள், ‘சான்’ஐ வெட்டிவிடாதீர்கள். கியோகோவுக்குக் குரல் கொடுத்த சுமி ஷிமாமோட்டோ அந்த ஒரு பெயரை எத்தனை விதமாகக் கூப்பிடுகிறார் என்று முதலில் உட்கார்ந்து கேளுங்கள்.

சாமான்களைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. கோழிக்குஞ்சு படமும் ‘பியோ பியோ’ என்ற எழுத்தும் போட்ட ஏப்ரன், வாசலைப் பெருக்கும் துடைப்பம், இவை வரும்போது யாரும் பேசாமல் சில நொடிகள் போகும். அந்த இடத்தில் மனதுக்குள் பேசுவதுபோல் வசனம் எதையும் புதிதாகச் சேர்க்காதீர்கள். கியோகோவைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பும் டென்னிஸ் கோச் மிதாகா பணக்காரன், நல்லவனும்கூட, ஆனால் நாயைக் கண்டால் நடுங்குவான். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் சோஇச்சிரோ உட்கார்ந்திருக்கிறார் என்பதை இதைவிட அழகாக யாராலும் சொல்ல முடியாது, நீங்களும் விளக்கிச் சொல்ல வேண்டாம்.

கடைசியாக அந்தக் கல்லறைக் காட்சி. கல்யாணத்துக்கு முன்னால் கொதாய் தனியாக சோஇச்சிரோவின் கல்லறைக்குப் போகிறான். நான் கியோகோ-சானைச் சந்தித்த நாளிலேயே நீங்கள் அவர் மனதில் இருந்தீர்கள், உங்களையும் சேர்த்தே அவரை ஏற்றுக்கொள்கிறேன் என்கிற அர்த்தத்தில் கல்லிடம் பேசுகிறான். பின்னால் நாயோடு வந்த கியோகோ அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். இறந்தவரிடம் அவன் பேசுவது போட்டியாளனிடம் பேசுவதுபோல் ஒலிக்கக் கூடாது, வீட்டுப் பெரியவரிடம் அனுமதி கேட்பதுபோல் இருக்க வேண்டும். ‘நீங்க’தான், சந்தேகமே வேண்டாம். அவனைக் கட்டிக்கொள்ள அவள் கேட்கும் ஒரே வாக்கு, என்னைவிட ஒருநாளாவது அதிகமாக வாழுங்கள் என்பது. ஏற்கெனவே ஒருமுறை தனியாக நின்றவள் கேட்கிறாள். அந்த வரியில் ‘ப்ராமிஸ்’ என்று போடாமல் ‘சத்தியம்’ என்று போடுங்கள்.

ஜப்பானிய மூலத்திலிருந்தே நேராக எழுதுங்கள் என்பதுதான் என் முக்கியமான கோரிக்கை. ஆள் இல்லை என்று சொல்ல முடியாது, சென்னையிலேயே ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்ற ஜப்பானிய மொழிப் பயிற்சி மையத்தில் படித்து வெளியே வந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கூட்டிவந்து வசனம் எழுதுபவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதல் எபிசோடில் அந்த நாயைக் கூப்பிடும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

அன்புடன்,
இந்தத் தொடரை மூன்று முறை முழுதாகப் பார்த்த ஒரு ரசிகை