ஆறு கிராம் மினர்வா

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே குளிர் விட்டபாடில்லை, எனக்கும் அதே கதைதான். சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுச் சந்தையில் ரோமப் பேரரசன் கிளாடியஸின் தலை போட்ட செம்புக் காசு ஒன்று வாங்கினேன். பின்பக்கம் ரோமப் பெண் தெய்வம் மினர்வா, ஈட்டியை ஓங்கியபடி, கையில் கேடயம். வீட்டுக்கு வந்து தராசில் வைத்தால் 5.8 கிராம்! ரோமில் அடித்த ‘அஸ்’ என்ற இந்த வகைச் செம்புக் காசு சுமார் 11 கிராம் இருக்க வேண்டும். ஏமாந்துவிட்டோம் என்று டிராயரில் போட்டு மூடினேன்.

இரண்டு நாள் கழித்து மனசு கேட்காமல் லென்ஸை எடுத்தேன். மினர்வாவின் கை தோளிலிருந்து வரவில்லை, கழுத்தோரம் குச்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் இருக்கும் எஸ், சி எழுத்துகளில் (செனட் ஆணைப்படி என்பதன் சுருக்கம்) எஸ் திரும்பி நிற்கிறது, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை எழுதியது போல. ஆனால் கோடுகள் மழுங்கவே இல்லை. அங்கேதான் பிடி கிடைத்தது. புழங்கித் தேய்ந்த காசு என்றால் எடையோடு உருவமும் தேய்ந்திருக்கும். உருவம் அப்படியே இருக்க எடை மட்டும் பாதி என்றால், அது பிறக்கும்போதே இளைத்துப் பிறந்தது. பச்சைக் களிம்போ விளிம்பில் தொடங்கி எழுத்துப் பள்ளம் வரை ஒரே சீராக ஏறியிருக்கிறது. நேற்றுச் செய்த போலி இல்லை, கிளாடியஸ் காலத்துப் போலியேதான்.

கி.பி. 43-இல் ரோமப் படை பிரிட்டனுக்குள் நுழைந்தது. சிப்பாய்க்குச் சில்லறை வேண்டுமே! ரோமிலிருந்து வந்தது போதவில்லை. கிளாடியஸுக்குப் பின் வந்த நீரோவும் 64 வாக்கில்தான் செம்புக் காசு அடிக்கத் தொடங்கினான். நடுவில் உள்ளூர் அச்சுகள் ஓடின, ஒன்றைப் பார்த்து ஒன்று, எடை இறங்கிக்கொண்டே. பிரிட்டனின் கோல்செஸ்டர் ஊரில் இவை நிறையக் கிடைத்திருக்கின்றன. படையே அடித்தது அல்லது கண்டும் காணாமல் விட்டது என்று பலர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஊரே வாங்கிக்கொண்ட காசைக் கள்ளக் காசு என்று சொல்லவே வாய் வரவில்லை.

ரோமப் பேரரசின் டானூப் ஆற்று எல்லைப் பக்கம் இன்னொரு வகைப் போலி உண்டு, அது வார்ப்பு. நல்ல காசைக் களிமண்ணில் அழுத்தி, அந்த அச்சில் ஈயம் கலந்த உலோகத்தை ஊற்றுவார்கள். எழுத்தெல்லாம் சரியாக இருக்கும், ஆனால் கரைந்த சோப்பு மாதிரி மங்கல். முகத்தில் பொடிப்பொடிக் குழிகள், விளிம்பில் இணைப்புக் கோடு. என் காசில் எழுத்து தெளிவு, ஆனால் தப்பு; வார்ப்பில் எழுத்து சரி, ஆனால் மங்கல். இப்படி ஞாபகம் வைத்துக்கொள்.

உங்கள் அப்பா கடையில் உட்கார்ந்து "தராசு பொய் சொல்லாதுடா" என்பார், நினைவிருக்கிறதா? அவரோடு இதில் எனக்குச் சண்டைதான். மண்ணில் அரித்துப்போன நல்ல காசும் எடை குறையும். தராசு சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். கண்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

அப்புறம், அமராவதி ஆற்று மணலில் கிடைத்ததென்று கரூரில் நீ வாங்கினாயே, அந்தப் பொடிக் காசுகள். அவை கிளாடியஸுக்கு முந்நூறு வருஷம் பிந்தியவையாக இருக்கும். அந்தக் காலத்தில் அசலே ஒன்றிரண்டு கிராம்தான், அதுவும் ஒன்றுபோல ஒன்று இருக்காது, அதனால் எடையை நம்பிப் பயனில்லை. இலங்கையில் அந்த வகைக்கு உள்ளூர்ப் போலிகள் ஏராளம். உன்னுடையதில் எழுத்து எழுத்தாக இருக்கிறதா, வெறும் கோடாக இருக்கிறதா பார். விளிம்பையும் சேர்த்து நாலு போட்டோ அனுப்பு. தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதே, போன தடவை செய்த மாதிரி.

அன்புடன்,
ராகவன்