ஹட்டனில் படகுப் பாய் தைத்துத் தந்த அண்ணாவுக்கு

நானும் என் கணவரும் பாய்மரப் படகிலேயே குடியிருக்கிறோம். இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனையைச் சுற்றி வரும்போது தென்மேற்குப் பருவக்காற்று பெரிய பாயைக் கிழித்துவிட்டது. படகைத் திருகோணமலையில் நங்கூரம் போட்டுவிட்டு, அம்மாவைப் பார்க்க ஹட்டனுக்கு வரும்போது பாயையும் சுருட்டி பஸ்ஸில் ஏற்றினோம் (கண்டக்டர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!).

அண்ணா, நீங்கள் லொறிப் படங்கு தைப்பவர், பாய் தைத்ததே இல்லை என்றீர்கள். ஆனாலும் பழைய தையலை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "நூல் வெயில்ல உக்கிப்போச்சு" என்று எல்லாவற்றையும் பிரித்து, பொலியெஸ்டர் நூலில் வளைத்து வளைத்துத் தைத்தீர்கள். அப்புறம் கயிறு கட்டும் மூலையில், நாங்கள் கேட்காமலே சீட் பெல்ட் பட்டியை இரட்டையாக மடித்து வைத்துத் தைத்திருந்தீர்கள், இழுவை முழுக்க அங்கேதானே விழும்! அதற்குக் காசும் வாங்கவில்லை.

போன வாரம் சரியான காற்று, தையல் அசையவில்லை. ரொம்ப நன்றி அண்ணா. ஹட்டன் ஆட்கள் யாராவது இதை அவருக்குக் காட்டிவிடுங்கள்.