மெட்டல் டிடெக்டரை ஓரம் கட்டும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

மெட்டல் டிடெக்டர் வாங்குகிறவர்களில் பலர் நாலு நாளில் "இது ஒன்றையும் காட்டவில்லை" என்று அதை மூலையில் வைத்துவிடுகிறார்கள். நானும் அப்படி வைக்கப் போனவன்தான், அதனால் எழுதுகிறேன்.

வயலில் தொலைந்த அக்காவின் மெல்லிய தங்க மோதிரத்தை இரண்டு நாள் தேடினேன். கருவியின் உணர்திறனான சென்சிடிவிட்டியை உச்சத்தில் வைத்து, தகரமும் அலுமினியத் தாளும் தொல்லை தரக் கூடாது என்று, வேண்டாத உலோகத்தை ஒதுக்கும் டிஸ்க்ரிமினேஷனையும் நிறைய ஏற்றியிருந்தேன். கருவி ஓயாமல் கத்தியதுதான் மிச்சம். மூன்றாம் நாள் இரண்டையும் குறைத்தேன், ஏற்கெனவே தேடிய வரப்போரத்திலேயே நாலு விரற்கடை ஆழத்தில் கிடைத்தது. சிறிய தங்க மோதிரம் கருவிக்கு அலுமினியத் தாள் மாதிரித்தான் தெரியும், தாளை ஒதுக்கச் சொன்னால் மோதிரத்தையும் சேர்த்தே ஒதுக்கிவிடும். குப்பை நாலு வந்தாலும் பரவாயில்லை, தோண்டிப் பார்த்துவிட வேண்டியதுதான்.

இன்னொன்று கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணுக்கு ஏற்றபடி கருவியைச் சரிசெய்வது. மண்ணில் இருக்கிற இரும்புத் தாதுக்களுக்கும் கருவி குரல் கொடுக்கும். எனவே உலோகமில்லாத இடமாகப் பார்த்து, கருவியின் அடியில் இருக்கிற தட்டான காயிலைத் தரையை ஒட்டியும் ஓரடி உயரத்துக்கும் ஏற்றி இறக்கி, ஓசை ஒரே சீராக வரும்வரை சரிசெய்துகொண்டு அப்புறம் நடக்க வேண்டும், மண் மாறினால் மறுபடியும். மின்கம்பிக்கு அடியில் சென்சிடிவிட்டியைக் குறைத்தே ஆக வேண்டும். இரும்பு முனை வைத்த பூட்ஸ், கையில் மண்வெட்டி எல்லாம் காயிலிலிருந்து தள்ளியே இருக்கட்டும். 1881-இல் குண்டடி பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட கிரகாம் பெல் இப்படி ஒரு கருவியைக் கொண்டுபோனார், கட்டில் மெத்தையிலிருந்த உலோகச் சுருள்களே அதைக் குழப்பியதாகச் சொல்வார்கள்.

காயிலை வீசும்போது இரு முனையிலும் கை தானாக மேலே எழும், அப்படி எழ விடக் கூடாது, அங்கேதான் கருவி எட்டும் ஆழம் குறைந்துபோகிறது. தரைக்குச் சமமாக, மெதுவாக, முந்தைய வீச்சின் பாதியைத் தொட்டபடி போங்கள். ஓசை வந்தால் குறுக்காகவும் ஒருமுறை வீசுங்கள், இரண்டும் சந்திக்கிற இடத்தில் பொருள் இருக்கும். ஒரு பக்கம் வீசும்போது மட்டும் ஒலித்தால் பெரும்பாலும் ஆணி.

விற்பவர்களிடம் ஒரே வேண்டுகோள். மேசைமேல் காசை வைத்துக் காட்டாதீர்கள், அதை மண்ணில் புதைத்து, வாங்குபவர் கையில் கருவியைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்