கதிரைக்கு முன் 20 நிமிஷம்

யாழ்ப்பாணம்

அன்புள்ள மகளுக்கு,

சோதனைக்கு இன்னும் மூன்று கிழமைதான். விடிய 4 மணி தொடக்கம் இரவு 11 வரை கதிரையை விட்டு எழும்புவதில்லை என்று சொன்னாய். அந்த நேரத்தில் 20 நிமிஷத்தை நடைக்குக் கொடு பிள்ளை. நித்திரை நேரத்தில் வெட்டிக் கொடுக்காதே, அது ஏற்கெனவே காணாது.

2009இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் ஹில்மன் குழுவினர், ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளை ஒரு நாள் 20 நிமிஷம் வேகமாக நடக்க விட்டார்கள், இன்னொரு நாள் சும்மா இருத்தினார்கள். பிறகு திரையில் ஐந்து அம்புக்குறி. நடு அம்பு பார்க்கிற பக்கத்துக்குப் பொத்தானை அமத்த வேண்டும். பக்கத்து அம்புகள் எதிர்ப்பக்கம் காட்டிக் கையை இழுக்கும். நடந்த நாளில் பிழை குறைந்தது, வாசித்து விளங்குவதும் கூடியது. பல்தேர்வு வினாவில் “பொருந்தாதது எது” என்பதைப் பாராமல் கண்ணில் பட்ட முதல் விடையைக் கீறுகிறாயே, அதுவும் இந்த இழுப்புத்தான்.

உனக்கு 21 வயது. 220இலிருந்து அதைக் கழித்தால் 199, இதயம் நிமிஷத்துக்கு அடிக்கக்கூடிய உச்சத் துடிப்பு ஏறக்குறைய அவ்வளவு. நடக்கும்போது அதில் 60 முதல் 70 வீதம் வேண்டும், நிமிஷத்துக்கு ஏறக்குறைய 120 முதல் 140 துடிப்பு. மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 15 செக்கன் எண்ணு, 30 முதல் 35 வந்தால் காணும். கதைக்க முடியும், பாட முடியாது: அதுதான் அளவு. இங்கே எங்கட ஒழுங்கையில் கையை வீசி நடந்தால்தான் அவ்வளவு ஏறும். அங்கே பேராதனை ஏற்றத்தில் மெல்ல நடந்தாலே தாண்டிவிடும், ஆகையால் சமநிலமாகப் பார்த்து நட. ஓடி இளைத்துக்கொண்டு வந்து புத்தகத்தைத் திறந்தால், மூச்சு அடங்குமட்டும் ஒரு வரியும் ஏறாது.

வந்ததும் முகம் கழுவி, தண்ணீர் குடித்து, பத்து நிமிஷம் ஆறு. உடற்பயிற்சியும் மூளை வேலையும் பற்றிய 79 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2012 தொகுப்பில், பயிற்சி முடிந்து 11 முதல் 20 நிமிஷத்தில்தான் பலன் கூடத் தெரிந்தது. அந்த நேரம் போனைத் தொடாதே. உனக்கு மிகக் கஷ்டமான கணக்கை அப்போது எடு, குறிப்பெழுதுவதைப் பிறகு வைத்துக்கொள். பலன் சிறியதுதான், படிக்காத பாடத்தை நடை கொண்டுவந்து தராது.

மழை பெய்தால் விடுதிப் படிகளில் ஏறி இறங்கு. ஈரமாக இருந்தால் வேண்டாம். செருப்போடு ஏறாதே, சப்பாத்தைப் போட்டுக்கொள்.

அன்புடன்
அப்பா