டிராவல் பேஸ்பால்: முன்பணம் கட்டும் முன் இரண்டு கணக்குகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜூலைக் கடைசியும் ஆகஸ்டும் அமெரிக்காவில் டிராவல் பேஸ்பால் அணிகள், அதாவது ஊர் லீக்குக்கு வெளியே, தேர்ந்தெடுத்த பிள்ளைகளோடு ஊர் ஊராகப் போய்த் தொடர்களில் ஆடும் கட்டண அணிகள், ஆள் எடுக்கும் காலம். டிரையவுட் என்ற தேர்வாட்டம் முடிந்த அன்று இரவே கோச்சிடமிருந்து செய்தி வந்துவிடும்: இடம் இருக்கிறது, இரண்டு நாளில் முன்பணம் கட்டி உறுதி செய்யுங்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த தமிழ்ப் பெற்றோருக்கு அந்த இரண்டு நாளில் ‘பிள்ளை தேர்வாகிவிட்டான்’ என்ற சந்தோஷத்தைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை. அதற்குள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்குகள் இரண்டு உண்டு. ஒன்று பணக்கணக்கு, இன்னொன்று கைக்கணக்கு, அதாவது பந்து எறியும் பிள்ளையின் கை எவ்வளவு தாங்கும் என்பது. இரண்டில் எதையும் அணி நிர்வாகம் முழுதாகப் போட்டுத் தராது.

முதலில் பணம். 12 பிள்ளைகள் உள்ள 12 வயது அணி ஒன்றின் மாதிரி வரவு செலவு இது. ஊருக்கு ஊர் எண்கள் மாறும், தலைப்புகள் மாறா. பத்து வாரக்கடைசித் தொடர்களுக்கு நுழைவுக் கட்டணம், ஒன்றுக்கு 700 டாலர் வீதம் 7,000. குளிர்காலத்தில் உள்ளரங்கப் பயிற்சிக்கு 16 வாரம், வாரம் 2 மணி நேரம், மணிக்கு 75 டாலர் என்றால் 2,400. மைதான வாடகை 1,500. பந்துகள், கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) அணியும் கவசம் போன்ற பொதுச் சாமான்கள் 800. காப்பீடு, பதிவு 400. சம்பளக் கோச் இருந்தால் 6,000. மொத்தம் 18,100, தலைக்கு ஏறத்தாழ 1,510 டாலர். நடுவில் ஒரு குடும்பம் விலகினால் மற்ற பதினோரு பேர் தலையில் அது 1,645 ஆகிறது. முன்பணம் திரும்பாது என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதியிருப்பதன் காரணம் இதுதான். அதில் பேராசை எதுவும் இல்லை.

ஆனால் வீட்டிலிருந்து போகும் பணத்தில் அந்த 1,510 கால் பங்குகூட இல்லை. சீருடை, பேட், கிளவுஸ், ஷூ, பை சேர்த்து 900. பத்தில் நான்கு தொடர்கள் வெளியூரில் என்று வைத்தால், இரண்டிரண்டு இரவு, இரவுக்கு 160 டாலர் விடுதி: 1,280. பெட்ரோலும் சாப்பாடும் வாரக்கடைசிக்கு 100 வீதம் 1,000. பார்வையாளர் நுழைவுச் சீட்டு அப்பா அம்மா இருவருக்கும் தலா 20 டாலர், பத்து முறைக்கு 400. அணியில் எல்லாரும் போகிறார்கள் என்று தொடங்கும் தனிப்பயிற்சி, 60 டாலர் வீதம் இருபது வகுப்புக்கு 1,200. இது 4,780. கட்டணத்தோடு கூட்டினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,300 டாலர். ஆஸ்பென் நிறுவனம் இளையோர் விளையாட்டுக்காக நடத்தும் புராஜெக்ட் பிளே திட்டத்தின் கணக்கெடுப்பின்படி, அமெரிக்கக் குடும்பம் ஒன்று பிள்ளையின் முதன்மை விளையாட்டுக்கு 2024-ல் சராசரியாகச் செலவிட்டது 1,016 டாலர்.

விடுதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பல தொடர்களில் ‘ஸ்டே டு பிளே’ விதி இருக்கிறது. அவர்கள் தரும் பட்டியலில் உள்ள விடுதியில்தான் அறை எடுக்க வேண்டும். மலிவாக வேறிடத்தில் போட்டால் அணியையே சேர்க்க மறுக்கலாம். ஆகவே எத்தனை தொடர்கள் அந்த விதியில் நடக்கின்றன என்பதை முன்பே கேட்க வேண்டும்.

நிதி திரட்டி கட்டணத்தைக் குறைக்கலாம் என்று சொல்லும் அணிகளிலும் கவனம் தேவை. அணி 501(சி)(3) என்ற, பொதுநல அமைப்புக்கான வரிவிலக்கு பெற்றதாக இருந்தால், ‘உங்கள் பிள்ளை திரட்டிய தொகை உங்கள் கட்டணத்தில் மட்டும் கழியும்’ என்ற தனிக்கணக்கு முறையை வருமான வரித்துறை ஏற்பதில்லை. பொதுநலன் என்று சொல்லித் திரட்டிய பணம் தனிக் குடும்பத்துக்குப் போகிறது என்பது அதன் வாதம்; விலக்கே பறிபோகலாம். திரட்டிய பணம் முழு அணிக்கும் பொதுவாகப் போவதுதான் முறை.

பேட் வாங்குவதில் வீணாகும் பணமும் கொஞ்சமல்ல. எங்கே ஆட அனுமதி என்று பேட் மேல் காட்டும் முத்திரை மூன்று வகை. லிட்டில் லீக் போன்ற ஊர் லீக்குகளில் 2018 முதல் ‘யூஎஸ்ஏ பேஸ்பால்’ முத்திரை வேண்டும். டிராவல் தொடர்களில் பிள்ளைகள் விரும்புவது யூ-டிரிபிள்-எஸ்-ஏ முத்திரை. பந்து அதில் வேகமாகத் தெறிக்கும், ஆனால் அந்த பேட்டை லிட்டில் லீக் அம்பயர் அனுமதிக்க மாட்டார். ஹைஸ்கூலில் மரமல்லாத பேட்டுக்கு, தெறிப்பைக் கட்டுப்படுத்தும் பிபிகோர் முத்திரை மட்டுமே. அதன் எடை அவுன்ஸில், நீளத்தின் அங்குல எண்ணைவிட மூன்றுக்கு மேல் குறையக்கூடாது. இரண்டு இடத்திலும் ஆடும் பிள்ளைக்கு இரண்டு பேட். வளரும் வயதில் ஒரு பேட் இரண்டு பருவம் தாங்கினாலே பெரிது. சென்ற ஆண்டு மாடலைப் பாதி விலையில் வாங்குவதில் குறை ஒன்றுமில்லை. கார்பன் இழைக் கலவையால் ஆன காம்போசிட் பேட்டைக் கடுங்குளிரில் பயன்படுத்தினால் விரிசல் விடலாம், மார்ச் மாதக் காலை ஆட்டங்களுக்கு அலுமினியம்தான் சரி.

இவ்வளவு கொடுத்து என்ன கிடைக்கிறது? கிடைக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. லிட்டில் லீக்கில் 12 வயது வரை பேஸ்களுக்கு (ரன்னர் ஓடித் தொட வேண்டிய மூலைகள்) நடுவே 60 அடி, பிட்சர் (பேட்டருக்குப் பந்து எறிபவர்) நிற்பது 46 அடி தூரத்தில். பந்து பேட்டரை எட்டும்வரை ரன்னர் பேஸை விட்டு நகரக்கூடாது. டிராவல் அணிகள் 11, 12 வயதிலேயே 70 அடி பேஸிலும் 50 அடி பிட்சிங்கிலும் ஆடுகின்றன. ரன்னர் முன்கூட்டியே நகர்ந்து நிற்கலாம், பிட்சர் திரும்பி அவரைப் பிடிக்க முயலலாம், கேட்சர் இரண்டாம் பேஸுக்கு எறிந்தாக வேண்டும், பால்க் (ரன்னரை ஏமாற்றும் பிட்சரின் விதிமீறிய அசைவு) தவறு என்றால் என்ன என்று புரிந்தாக வேண்டும். ஹைஸ்கூல் மைதானத்தில் பேஸ் 90 அடி, பிட்சிங் 60 அடி 6 அங்குலம். 46-லிருந்து நேரே அங்கே போகும் பிள்ளை திணறுவதும், படிப்படியாகப் போனவன் திணறாததும் இயல்புதான். பக்கத்திலேயே லிட்டில் லீக்கின் ‘இன்டர்மீடியட் 50/70’ பிரிவு நடந்தால், இதே பலனின் பெரும்பகுதி சில நூறு டாலரில் கிடைக்கும். அதை விசாரிக்காமல் டிராவல் அணிக்கு ஓடுபவர்கள் அதிகம்.

இன்னொரு பலன், தரம் ஒத்த எதிரணி. ஊர் லீக்கில் ஆறு பந்தில் இரண்டு மட்டும் ஸ்டிரைக்காக (அடிக்கத்தக்க இடத்தில்) வரும் பிட்சரை எதிர்த்து நிற்கும் நல்ல பேட்டருக்கு, நான்கு தவறான பந்துக்கு அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்தே பழகிவிடும், அடிப்பது பழகாது. டிராவலில் அது மாறும். ஆனால் அணியைத் தகுதிக்கு மீறிய பிரிவில் கோச் பதிவு செய்தால் ஆட்டங்கள் 15-0 என்று, வித்தியாசம் பெரிதானால் நிறுத்தும் விதிப்படி, மூன்றே இன்னிங்ஸில் (இரு அணியும் ஒரு முறை பேட் செய்யும் சுற்று ஒரு இன்னிங்ஸ்) முடியும். கட்டிய பணத்துக்குப் பாதி ஆட்டம்.

ஆட்டம் அதிகம் என்பதாலேயே பயிற்சி அதிகம் என்று அர்த்தமில்லை. ஒரு ஆட்டத்தில் ஒரு பிள்ளை பேட் பிடிப்பது இரண்டு அல்லது மூன்று முறை. வெளிவட்டத்தில் நிற்பவனுக்கு ஒரு பந்துகூட வராமல் போகலாம். உள்ளரங்கக் கூண்டில் ஒரு மணி நேரத்தில் நூறு பந்து அடிக்கலாம். ஆகவே வாரக்கடைசித் தொடர் ஒன்றுக்கு வாரநாளில் இரண்டு பயிற்சியாவது வைக்கிற அணியைத் தேடுங்கள். மாதம் நாலு தொடர், பயிற்சி எப்போதாவது என்ற அணியில் பிள்ளை பழகப்போவது நெடுஞ்சாலையைத்தான்.

ஆடும் நேரத்துக்கும் உத்தரவாதம் கேட்க வேண்டும். லிட்டில் லீக்கில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு ஆட்டத்தில் தொடர்ச்சியாக ஆறு அவுட்டுக்காவது களத்தில் நிற்க வேண்டும், ஒரு முறையாவது பேட் செய்ய வேண்டும் என்பது விதி. டிராவலில் அப்படி எதுவும் கிடையாது. 11, 12 பேர் உள்ள அணியில் சுழற்சி நடக்கும். 14 பேர் என்றால் சிலர் பெஞ்சுக்குப் பணம் கட்டுகிறார்கள். முக்கிய ஆட்டத்துக்கு வேறு அணியிலிருந்து ஆளை இரவல் எடுக்கும் வழக்கம் உண்டா என்பதையும் கேளுங்கள்.

மே முதல் ஆகஸ்ட் வரை பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்க ஒன்று. பெரும்பாலான டிராவல் தொடர்கள் ஏப்ரல் 30 அன்று உள்ள வயதைக் கொள்கின்றன. லிட்டில் லீக் ஆகஸ்ட் 31-ஐக் கொள்கிறது. ஜூலையில் பிறந்த பிள்ளை ஊர் லீக்கில் தன் பிரிவின் சின்னவர்களில் ஒருவன், டிராவலில் பெரியவர்களில் ஒருவன். ஊர் லீக்கில் பின்தங்குகிறான் என்று தோன்றினால் முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்.

இனி கைக்கணக்கு. இதைத்தான் நான் பணத்தைவிடப் பெரிதாக நினைக்கிறேன். பிட்சர் ஓங்கி எறியும்போது முழங்கையின் உள்பக்கம் இழுபடுகிறது. வளரும் பிள்ளைக்கு அந்த இடத்து எலும்பின் வளர்ச்சித் தட்டு பதின்வயதின் நடுவில்தான் மூடும். அதுவரை அதுவே பலவீனமான இடம். பர்மிங்ஹாமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட முடிவு: ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேல் பிட்ச் செய்தவர்களுக்கு அறுவை சிகிச்சை வரை போகும் வாய்ப்பு 5 மடங்கு, கை களைத்த நிலையிலும் வழக்கமாக எறிந்தவர்களுக்கு 36 மடங்கு. ஆண்டுக்கு 100 இன்னிங்ஸ் தாண்டியவர்களுக்குக் கடுங்காய ஆபத்து 3.5 மடங்கு என்று 2011-ல் சொன்னார்கள்.

தொழில்முறை மேஜர் லீக்கும் தேசிய அமைப்பான யூஎஸ்ஏ பேஸ்பாலும் 2014-ல் கொண்டுவந்த ‘பிட்ச் ஸ்மார்ட்’ அட்டவணையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைக்கலாம். ஒரு நாள் உச்சவரம்பு 9, 10 வயதுக்கு 75 பந்து. 11, 12-க்கு 85. 13 முதல் 16 வரை 95. 9 முதல் 14 வயது வரை ஓய்வு இப்படி: 20 பந்து வரை ஓய்வு தேவையில்லை, 21-35-க்கு ஒரு நாள், 36-50-க்கு இரண்டு, 51-65-க்கு மூன்று, 66-க்கு மேல் நான்கு நாள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், எல்லாத் தொடர்களும் பந்தை எண்ணுவதில்லை. இன்னிங்ஸை எண்ணும் தொடர்களில், சனிக்கிழமை மூன்று இன்னிங்ஸுக்குள் நிறுத்தினால் ஞாயிறும் எறியலாம் என்பது 12 வயது வரையிலான வழக்கமான விதி. இன்னிங்ஸுக்கு 20 பந்து என்றால் அதற்குள் 60 பந்து. தொடரின் விதிப்படி குற்றமில்லை. பிட்ச் ஸ்மார்ட்படி புதன்கிழமைதான் அடுத்த பந்து. இரண்டு அணியில் ஆடுபவன் நிலை இன்னும் மோசம். வியாழன் ஊர் லீக்கில் 55 பந்து எறிந்தது சனிக்கிழமை டிராவல் கோச்சுக்குத் தெரியாது. ஸ்கோர் பதியும் கேம்சேஞ்சர் செயலியும் அந்த ஆட்டத்தின் பந்தை மட்டுமே எண்ணும். ஓரத்தில் எறிந்த வார்ம்-அப் அதில் வராது. பெற்றோர் கையில் ஒரு குறிப்பேடு இருந்தால் இது தீர்ந்துபோகும் விஷயம்.

அணியில் எத்தனை பிட்சர் என்று கேட்பதன் அவசியமும் இதில்தான். சனிக்கிழமை இரண்டு, ஞாயிறு இரண்டு ஆட்டம், ஆட்டத்துக்கு ஐந்து இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு 17 பந்து என்றால் 340 பந்து. ஒருவருக்கு 50, 55 என்று பிரித்தால் ஆறேழு பேர் வேண்டும். மூன்று பேரை வைத்து ஓட்டும் அணியில் மூன்றில் ஒன்று உங்கள் பிள்ளையின் கை. பிட்ச் செய்துவிட்டு அதே ஆட்டத்தில் கேட்சராக உட்காருவதும் கூடாது. கேட்சரும் நாள் முழுக்க எறிந்துகொண்டே இருக்கிறார்.

பருவக் கணக்கையும் பாருங்கள். ஜனவரியில் உள்ளரங்கம், மார்ச் முதல் ஜூலை வரை தொடர், செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை இலையுதிர் பருவம். பிட்ச் ஸ்மார்ட் ஆண்டுக்கு நான்கு மாதம் எறியாமல் இருக்கச் சொல்கிறது, அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக. இலையுதிர் பருவத்தை விட்டால்தான் அது நடக்கும். முழங்கை தாழ்வது, பந்து உயரத் தப்புவது, எறிந்தபின் கையை உதறுவது எல்லாம் நிறுத்தச் சொல்லும் அறிகுறிகள். ஐஸ் வைத்து மறுநாள் இறக்கும் வேலை வேண்டாம்.

ஸ்காலர்ஷிப் ஆசை பற்றிச் சுருக்கமாக. கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான முதல் டிவிஷன் அணிக்குப் பல ஆண்டுகளாக 11.7 முழு ஸ்காலர்ஷிப்தான் இருந்தது; அதை 27 பேர் வரை பங்கு போட்டார்கள். 2025-26 முதல், அந்த எண்ணிக்கை வரம்பை நீக்கிய புதிய முறையில் சேர்ந்த கல்லூரிகளில் அதற்குப் பதில் 34 பேர் என்ற அணி வரம்பு வந்திருக்கிறது. பணம் இருக்கிற கல்லூரி கூடுதலாகத் தரலாம், தர வேண்டும் என்பதில்லை. மூன்றாம் டிவிஷனில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. 11-ஆம் வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை முதல் டிவிஷன் கோச் பிள்ளையிடம் சேர்க்கை பற்றிப் பேசக்கூடாது. அப்படியிருக்க 10 வயதுக்கு ஷோகேஸ் (கல்லூரி கோச்சுகள் முன் திறமை காட்டும் நிகழ்ச்சி) என்று யாராவது விற்றால், வாங்காதீர்கள். ஆண்டுக்கு 6,300 என்று பத்தாண்டில் போவது 63,000 டாலர்; கல்லூரிக்காகத்தான் என்றால் அதை நேரே கல்லூரிச் சேமிப்பில் போடலாம். விளையாட்டு பிடித்திருக்கிறது என்பதற்காகச் செலவழிப்பது வேறு, அதில் தப்பே இல்லை.

கட்டும் முன் கோச்சிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை அதிகமில்லை: முழு வரவு செலவு; தொடர்களின் பட்டியல்; அணியில் எத்தனை பேர், எத்தனை பிட்சர்; பந்து எண்ணிக்கையை யார் வைத்திருக்கிறார்கள்; பயிற்றுநர் அனைவருக்கும் பின்னணிச் சோதனை நடந்ததா; காயம் பட்டாலோ வேலை மாறி ஊர் மாறினாலோ எவ்வளவு திரும்பும். தமிழ்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளை என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை ஆட்ட நேரம் பெரும்பாலும் அந்த வாரம்தான் வெளியாகும். காலை 8 மணி ஆட்டம் வந்தபின் கேட்டால் பதில் இராது. இவற்றுக்கு எழுத்தில் பதில் தர இரண்டு நாள் போதாது என்று கோச் சொன்னால், முன்பணத்துக்கும் அதே கால அவகாசத்தைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
இளையோர் பேஸ்பால் பயிற்சியாளர் ஒருவர்,
நியூ ஜெர்சி