அறுபது கோடையும் குளிரும்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. உன் ஆய்வுக்காக ஜெர்மனியின் காஸ்ஸல் நூலகத்தில் ஹில்டெபிராண்ட் பாட்டின் ஏட்டைப் பார்க்கத் தேதி கொடுத்துவிட்டார்கள் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கும் அதே நினைப்புதான்.

நீ தமிழில் எழுதி அனுப்பிய அந்தப் பழைய ஜெர்மன் பாட்டை நாலைந்து தடவை படித்துவிட்டேன். கிடைத்திருப்பதே 68 அடி. முப்பது வருஷத்தை 'அறுபது கோடையும் குளிரும்' என்று எண்ணுகிறார்களே, அதற்கு மேல் சற்று நேரம் படிக்க முடியவில்லை. சின்னப் பிள்ளையை வீட்டில் விட்டுப் போன ஹில்டெபிராண்ட், இரண்டு படைகளுக்கு நடுவே அதே பிள்ளைக்கு எதிரில் நிற்கிறான். "உன் அப்பா யார்?" என்று கேட்கிறான். பதில் வந்ததும் தெரிந்துவிடுகிறது. கையிலிருந்த பொன் காப்பைக் கழற்றி நீட்டுகிறான். மகன் நம்பவில்லை. தந்திரக்காரக் கிழவன் என்கிறான். ஹில்டெபிராண்ட் செத்துப்போனான் என்று அப்பன் முகத்துக்கு நேரே சொல்கிறான்.

நான் துபாயிலிருந்து வந்த அன்று உனக்கு ஐந்து வயசு. வளையலை நீட்டினேன். நீ அம்மா சேலைக்குள் ஒளிந்துகொண்டாய். வளையலைப் படியில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். சாயங்காலம்தான் வந்து எடுத்தாய்.

ஏட்டைப் பார்க்கும்போது எழுத்தோடு நின்றுவிடாதே. பைண்டிங் பட்டறையில் ஆயுளைக் கழித்தவன் சொல்கிறேன், தாளையும் பார். 830களில் துறவிகள் இருவர் ஒரு கிறிஸ்தவ வேதநூலின் முதல் தாளிலும் கடைசித் தாளிலும் வெறுமையாகக் கிடந்த பக்கங்களில் இதை எழுதியிருக்கிறார்கள். இடம் தீர்ந்தது, பாட்டும் சண்டை நடுவே நின்றுவிட்டது. ஒரு புத்தகத்தில் முதலில் அடிபடுவது அந்த ஓரத் தாள்கள்தான். 1945இல் அந்த ஏடு, பாட் வில்டுங்கன் என்ற ஜெர்மன் ஊரில் ஒளித்து வைத்த இடத்திலிருந்து திருடுபோய் அமெரிக்காவில் விலைபோனது. ஏடு 1955இல் திரும்பியபோது முதல் தாள் இல்லை. அது பிலடெல்பியாவிலிருந்து வந்து சேர 1972 ஆனது. அந்தத் தாள் பிரிந்த ஓரம் எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுது. இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் ஏழரை வரி மட்டும் வேறு ஆளின் கையெழுத்து என்றாயே, அந்த மாற்றத்தையும் கவனி.

அடி பிரிக்காமல் ஓட்டமாக எழுதியிருப்பதால் முதலில் உரைநடை என்றே நினைத்தார்கள், 1812இல் கிரிம் சகோதரர்கள்தான் மோனை கோத்த செய்யுள் என்று காட்டினார்கள் என்று எழுதியிருந்தாய். நம் ஓலைச்சுவடியிலும் அடி பிரிப்பதில்லையே.

முடிவைப் பற்றி ஒன்று கேட்கிறேன். ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழிக் கதை ஒன்றில் சாகப்போகும் ஹில்டெபிராண்ட், தன் கையால் மாண்ட மகன் தலைமாட்டில் கிடப்பதாகச் சொல்கிறான். அதனால் மூலப் பாட்டிலும் மகன் செத்திருக்க வேண்டும் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் இதே கதையை வைத்து 15, 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மக்கள் பாடிய பாட்டில் இருவரும் சேர்ந்து வீட்டுக்கு வருகிறார்களே! அதைப் பிற்காலத் திரிபு என்று அடிக்குறிப்பில் தள்ளிவிடாதே அம்மா. எழுநூறு வருஷம் கழித்து அந்த மகனை ஏன் உயிரோடு விட்டார்கள்? உன் ஆய்வில் அதற்கு ஓர் இயல் கொடு.

அந்தப் பிற்காலப் பாட்டின் கடைசியில் கிழவன் வாயிலிருந்த மோதிரத்தை மனைவியின் கிண்ணத்தில் போடுகிறான் என்றாயே, அந்த இடத்தை முழுதாக மொழிபெயர்த்து அனுப்பு. அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அப்பா