அவர் மத்தளக்காரர் இல்லை, அண்ணாவியார்

கொழும்பில் கூத்துப் போட்டியும் கலைவிழாவும் நடத்தும் தமிழ் மன்றங்களுக்கு,

வணக்கம். கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன். சென்ற வருடம் ஒரு விழா அழைப்பிதழில் கூத்தின் பெயருக்குக் கீழே ‘நெறியாள்கை’ என்று ஒருவரைப் போட்டிருந்தார்கள். கடைசி வரியில் ‘மத்தளம்’ என்று இன்னொரு பெயர். அந்தக் கடைசிப் பெயருக்குரிய மட்டக்களப்புப் பெரியவர்தான் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் ஆட்டமும் பாட்டும் பழக்கியவர். பரிசு கொடுக்கும்போதும் அவரைக் கூப்பிடவில்லை. மத்தளத்தை மடியில் வைத்தபடி மேடை ஓரத்திலேயே இருந்தார். இன்னும் என் மனம் ஆறவில்லை.

அவர் அண்ணாவியார், கூத்துப் பழக்கும் ஆசான். முன்பு திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரையும் அண்ணாவி என்றுதான் அழைத்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதே அதற்குள் ஓர் அண்ணன் நிற்பது எனக்குக் கேட்கிறது. ‘ஆர்’ நாம் மரியாதைக்குச் சேர்த்தது. வித்துவான் என்ற வடசொல்லுக்கு அறிந்தவர் என்று பொருள். அண்ணாவியோ கற்றுக்கொடுப்பதால் வந்த பெயர். வாத்தியத்துக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பே இல்லை.

அவருடைய வேலையைப் பாருங்கள். ஆளையும் குரலையும் பார்த்து யாருக்கு எந்த வேஷம் என்று முடிவு செய்து, அதற்குரிய பாட்டு ஏடான ‘சட்டம்’ கொடுப்பவர் அவர். கூத்தின் இரண்டு பாணிகளில் வடமோடியா தென்மோடியா என்பதற்கேற்பத் தாளக்கட்டைச் சொல்லி, ஒவ்வொருவரின் கால் அடியையும் திருத்துவார். கூத்தாடும் களரியில் மத்தளம் அடித்துக்கொண்டே பாடுவார். பிள்ளைக்கு வரி மறந்தால் எடுத்துக் கொடுப்பார். இத்தனையையும் ‘மத்தளம்’ என்ற ஒரு சொல்லில் எப்படி அடக்குவது?

1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ‘கர்ணன் போர்’ கூத்தைத் தயாரித்தபோது, மாணவர்களைப் பழக்க மட்டக்களப்பு அண்ணாவியாரைத்தான் நாடினார். படித்தவர்கள் அன்று தேடிப்போன ஆள் அண்ணாவியார்.

சரி, நான் கேட்பது பெரிய செலவில்லை. விண்ணப்பப் படிவத்தில் ‘அண்ணாவியார்’ என்று தனி இடம் விடுங்கள். நெறியாளர் இருந்தால் அவர் பெயரும் இருக்கட்டும், ஆனால் அண்ணாவியார் பெயருக்குப் பிறகு. பிள்ளைகள் ‘மாஸ்டர்’ என்று கூப்பிட்டால் அண்ணாவியார் என்று சொல்லப் பழக்குங்கள். அப்புறம், மத்தளத்துக்கு ஒரு மைக் வைக்கிறீர்கள் அல்லவா, அவர் பாடுவதற்கும் ஒன்று வையுங்கள்.

அன்புடன்,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு கூத்து ரசிகன்